இரண்டு நாற்காலியில் ஒரு துரை

சேலம் சீமையில் 'மன்றோ' என்று சொன்னால், சரித்திரம் படித்தவர்களுக்கெல்லாம் ஸர் தாமஸ் மன்றோவின் ஞாபகந்தான் வரும். 1792-ல் திப்பு ஸுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியார் கைக்கு மாறியபோது, காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு துரைக்கு உதவியாக வந்து, 1799 வரையில் நமது பக்கத்திலேயே இருந்து நிலவரியை ஒழுங்கு செய்தவர் அவர். பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகி, 1827-ல் காலரா கண்டு காலமானார். சென்னைத் தீவுத் திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் வீற்றிருப்பவரும் அவரே. புதுச்சத்திரத்திலிருந்து பட்டணம் போய் வருகிறவர்களில் அந்தச் சிலையைப் பாராதவர் அருமை.

இந்த வாரம் நான் எழுதப் புகுந்திருப்பது அந்த மன்றோவைப் பற்றி அன்று. கர்னல் ஜான் மன்றோ என்ற மற்றொருவரைப் பற்றி. அவரும் ஸ்காத்லாந்துக்காரர், அவரும் சென்னைப் பட்டாளத்து அதிகாரி, அவரும் தமிழ் நாட்டுக்கு அடுத்த சீமையில் ஆட்சி புரிந்தவர். இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொண்டு பிள்ளைகள் விடைத்தாளில் எழுதிவிடுவதுண்டு. ஆனால் தாமஸ் மன்றோ கடைசி வரையில் கம்பெனியாரின் ஊழியராகவே இருந்தார். ஜான் மன்றோவோ, கம்பெனியாரின் ஊழியராக இருந்துகொண்டே, ஒரு ஹிந்து மகாராணியின் பிரதம மந்திரியாகவும் அமர்ந்தார். இந்த விசித்திரந்தான் நமது கவனத்துக்கு உரியது.

பட்டாளத்து வீரர் அரண்மனைச் சேவகத்துக்குப் போவது இங்கிலாந்தில் அபூர்வமான காரியமன்று. கிரிமிய யுத்தத்தில் போர் புரிந்த ஸர் ஹென்றி பான்ஸன்பி, 1870 முதல் 1895 வரையில் விக்டோரியா ராணியின் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்தார். 1857-ஆம் வருஷத்தில் நம்மவர்களை எதிர்த்துச் சண்டையிட்டு விக்டோரியா சிலுவை பெற்ற ஸர் டைட்டன் ப்ராபின், பிறகு நெடுங்காலம் ஏழாம் எட்வர்டின் அரண்மனை வரவு செலவைக் கவனித்து வந்தார். அங்கே இத்தகையவர்களின் வேலை, அரசர்க்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதும், மந்திரிகளுக்கும் அரசருக்கும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக் கொள்வதுமே. ராஜ்யபாரம் பார்லிமெண்டின் பொறுப்பு. நமது நாட்டு அரண்மனைக்குள் நுழைந்த தளபதியோ கடிதக் கட்டைத் தொடவில்லை. நேரே கஜானாச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஜான் மன்றோ 1778-ல் பிறந்தவர். ஸ்காத்லாந்தின் வட பாகத்தில் உள்ள டீனினிக் என்பது அவருடைய குடும்பத்தின் ஊர். இளம் பிராயத்திலேயே சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அங்கே இருந்தார். துப்பாக்கியைக் காட்டிலும் அவருக்கு அதிகம் கைகொடுத்தது பாஷா ஞானம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஆகிய ஐரோப்பிய பாஷைகளுடன் அரபியும் பாரஸீகமும் இந்திய பாஷைகள் சிலவும் அவருக்குத் தெரியும். ஸேனாதிபதிகளுக்கு அந்தரங்கக் காரியதரிசியாகவும் துபாஷியாகவும் இருந்து, முப்பது வயது நிரம்புமுன்னே சென்னை ஸைன்யத்தின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஆகிவிட்டார். கூடாரம், வண்டி, மாடு, முகாம் ஆகியவற்றுக்கெல்லாம் பொறுப்பான பதவி அது.

இந்தக் கூடாரந்தான் அவரைப் பேர்பெற்றவர் ஆக்கியது. அக்காலத்தில் சிப்பாய்ப் படைக்கு வேண்டிய கூடாரங்களையும், அவற்றைச் சுமக்கும் மாடுகளையும் அமர்த்தி வைத்துக்கொள்ள, அந்தந்தப் படையின் தலைமை அதிகாரிக்கு மாதந்தோறும் ஒரு நிர்ணயமான தொகை கொடுக்கப்பட்டு வந்தது. சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொகை ஒன்றே. படை முகாமிலேயே இருந்தால் கூடாரம் கிழியாது, மாடு சாகாது, பணம் மிச்சம். படை புறப்பட்டுவிட்டால் அதிகாரியின் கைப்பொருள் கரையும். "ஆகவே இந்த ஏற்பாடு ஓர் அதிகாரியின் கடமையையும் அவருடைய லாபத்தையும் ஒன்றுக்கொன்று எதிரி ஆக்கிவிடுகிறது" என்ற கருத்தை வற்புறுத்தி மன்றோ மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் யாரையும் பேர் சொல்லித் திருடன் என்று கூறவில்லை. ஆனால் தலைக்குத் தொப்பி சரியாக இருந்தபடியால் அநேகர் அதைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள். கூடாரக் குத்தகை 1808-ல் ரத்தாயிற்று. படைத் தலைவர்கள், தங்கள் மானத்துக்குக் குறைவு நேர்ந்துவிட்டது என்று சொல்லி, மன்றோவை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டுமென்று கேட்டார்கள்.

அப்போது சென்னை ஸேனாதிபதி ஹே மக்டவல். முந்திய ஸேனாதிபதிகளுக்குக் கிடைத்த கவுன்ஸில் ஸ்தானம் தமக்குக் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 1809 ஜனவரியில் அவர் மன்றோவைக் கைது செய்தார். கவர்னர் ஸர் ஜார்ஜ் பார்லோ உடனே விடுதலை செய்யச் சொன்னார். ஸேனாதிபதி பணிந்தார், ஆனால் அந்த மாதக் கடைசியில் சீமைக்குக் கப்பலேறும்போது மன்றோவைக் கண்டித்து ஓர் உத்தரவை வீசி எறிந்துவிட்டுப் போனார். அந்தக் கப்பல் சீமை போய்ச் சேரவே இல்லை. நடுக்கடலில் புயலில் அகப்பட்டு மறைந்துபோயிற்று. அவர் மூட்டிய நெருப்பு மாத்திரம் கரையில் நின்று எரிந்தது. மசூலிப்பட்டணத்திலும், ஹைதராபாத்திலும், ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வெள்ளைக்கார அதிகாரிகளே தங்கள் ஸர்க்காரை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். 'வெள்ளையர் கலகம்' என்று சரித்திரத்தில் பேர் பெற்றது இதுதான்.

நிற்க. அதே 1809 ஜனவரியில், தென்கோடியில் வேறு ஒரு கலகம் மூண்டிருந்தது. திருவாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி, குண்டறை என்னும் ஊரிலிருந்து கம்பெனியாரை எதிர்க்கும்படி ஜனங்களுக்கு ஒரு விளம்பரம் பிறப்பித்தார். கொச்சி மந்திரியான பாலியத்து அச்சனும் அவருடன் சேர்ந்துகொண்டார். வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இன்று தமிழ் நாட்டைச் சேர்ந்த கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கிறது. நமக்கு அந்நியர் அல்ல அவர். சண்டைக்குக் காரணம் பணம். 1805-ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி திருவாங்கூர் ஸமஸ்தானம் கம்பெனியாருக்கு வருஷம் ஒன்றுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். 'நாட்டைப் பாதுகாக்கும் படைக்குச் செலவு' என்று அதற்குப் பெயர். பாதுகாப்பு யாரிடமிருந்து என்று கேட்பவர் அப்போது இல்லை. தொகை பாக்கி விழ விழ, ரெஸிடெண்டு கர்னல் மெக்காலேயின் நெருக்குதல் ஏறியது. முடிவில் தளவாய் வாளை உருவினார்.

பிப்ரவரியில் கர்னல் ஸெயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைத் தகர்த்து உள்ளே புகுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. வேலுத்தம்பி மண்ணடி பகவதி கோயிலில் ஒளிந்திருந்து, பகைவர் சூழ்ந்ததும் பிடிகொடாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பிரேதத்தைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கு மரத்தில் தொங்கவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே இதை மனிதத் தன்மைக்கு ஒவ்வாத செயல் என்று கண்டித்தார்.

இப்போது இந்த இரண்டு கலகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழியைப் பிடித்த அதே ஸெயின்ட் லெஜர், சில மாதங்களுக்குள், கவர்னருக்கு எதிரான விண்ணப்பத்தில் சம்பந்தப்பட்டதற்காக உத்தியோகத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்! வெள்ளையர் கலகம் அடங்கியதும் மின்டோ பிரபு சென்னைக்கு வந்து விசாரித்தார். சுமார் இருபது பேர் மீதே நடவடிக்கை. மற்றவர்களுக்கெல்லாம் பொது மன்னிப்பு. ஒருவராவது தூக்கு மரத்தைப் பார்க்கவில்லை; வேலை இழந்தவர்களிலும் பலர் பிற்பாடு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். உயிர் இழந்தவர்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே அதிகாரிகளின் பேச்சை நம்பி நடந்துவந்து குண்டுக்கும் வாளுக்கும் இரையான சிப்பாய்கள். அவர்களுடைய பெயர்களை எந்தச் சரித்திர ஆசிரியரும் குறித்து வைக்கவில்லை.

பட்டாளத்திலே பாதிப் பேருக்கு விரோதியாகிவிட்ட மன்றோவைப் பட்டாளத்தை விட்டு வெளியே அனுப்புவது ஸர்க்காருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. மெக்காலே விலகியதும், 1810-ல் திருவாங்கூருக்கும் கொச்சிக்கும் ரெஸிடெண்டாக நியமனம் பெற்றார். அவருக்கு அப்போது வயது 32.

அந்த வருஷமே மகாராஜா பாலராம வர்மா காலமானார். கேரள வர்மா என்பவர் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார். மன்றோ வம்சாவளியை ஆராய்ந்து அந்த உரிமை செல்லாது என்று தீர்மானித்தார். 20 வயது கூட நிரம்பாத கௌரி லக்ஷ்மி பாய் சிங்காதனம் ஏறினாள். கேரள வர்மா முதலில் தலச்சேரிக்கும் பிறகு செங்கற்பட்டுக்கும் அனுப்பப்பட்டார். ராணியின் நிலைமையை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தளவாயின் பிரேதம் ஊர் நடுவே தொங்கிய ஞாபகம் ஜனங்களுக்கு மறக்கவில்லை. கம்பெனியாருக்குக் கப்பப் பாக்கி. அதன்மேல் யுத்தச் செலவு. பணம் வராவிட்டால் நாட்டின் நிர்வாகத்தையே கம்பெனியார் எடுத்துக்கொள்ளலாம் என்று 1805 உடன்படிக்கையில் ஒரு ஷரத்து வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. அரண்மனையைச் சுற்றி நம்பத்தக்கவர் யார், காட்டிக் கொடுப்பவர் யார் என்று தெரியவில்லை. அப்போது திவானாக இருந்த உம்மிணித் தம்பி, வேலுத்தம்பியைப் பிடிக்க ஆள் அனுப்பியவர். (பாலராமபுரத்தில் தமிழ்ச் சாலியர்களைக் குடியேற்றி நெசவை வளர்த்தவரும் அவரே, நமது சேலத்து நெசவாளர்கள் அந்த ஊர்க் கைத்தறியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்.) 1811-ல் ராணி அவரை விலக்கினாள். அடுத்த திவானாகத் தகுந்தவர் தன் நாட்டில் ஒருவரும் இல்லை என்று கூறி, ரெஸிடெண்டையே திவான் வேலையையும் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள்.

இந்தச் செய்தியை நமக்குச் சொல்லுவது, மன்றோவே பிற்பாடு கம்பெனியாருக்கு எழுதிய அறிக்கை என்பதையும் கவனிக்க வேண்டும். இருந்தாலும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கம்பெனியார் நாட்டை விழுங்கிவிடாதபடி தடுக்க, கம்பெனியாரின் ஆளையே வாசலில் காவல் வைப்பது ஒரு தந்திரம். அந்த இளம் ராணி புத்திசாலி என்றே எனக்குத் தோன்றுகிறது. திருவாங்கூர் கடைசி வரையில் கம்பெனி ராஜ்யத்தோடு சேர்க்கப்படாமல் தப்பியதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் தந்திரத்துக்கு விலை உண்டு. திவான் என்பவர் பிரஜைகளின் பக்ஷத்தில் நின்று ரெஸிடெண்டோடு வாதாட வேண்டியவர். 'கப்பத்துக்குத் தவணை வேண்டும், இந்த வருஷம் மழை இல்லை' என்று திவான் எழுத வேண்டும். 'முடியாது' என்று ரெஸிடெண்டு பதில் எழுத வேண்டும். இப்போது எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே துரை. காலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து விண்ணப்பம் எழுதி, மாலையில் மற்றொரு நாற்காலியில் அமர்ந்து அதை நிராகரிக்கும் காட்சியை வாசகர்கள் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளலாம். கொச்சியிலும் 1812 முதல் 1818 வரையில் இதே ஏற்பாடு. ஒரு மனிதருக்கு மொத்தம் நான்கு நாற்காலி!

திவான் மன்றோ சோம்பி இருக்கவில்லை. நாட்டிலே அதுவரையில் காரியக்காரர் என்ற அதிகாரிகள், வரி வசூல், நியாய விசாரணை, ஆயுத பலம் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருந்தார்கள். பறிப்பவரிடமே முறையிட வேண்டிய நிலை. மன்றோ அவர்களுடைய அதிகாரத்தை வெட்டி, நமது ஜில்லாக்களில் உள்ளதைப் போல் தாசில்தார்களாக்கி, வரி வசூலை மட்டும் அவர்களிடம் விட்டார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவாய் ஆகிய ஐந்து இடங்களில் ஜில்லாக் கோர்ட்டுகளும், 1814-ல் ஓர் அப்பீல் கோர்ட்டும் ஏற்பட்டன. நீதிபதிகளுடன் தர்ம சாஸ்திரம் கூற ஒரு சாஸ்திரியும் அமர்ந்தார். உத்தியோகஸ்தர் இன்னது செய்யலாம், இன்னது கூடாது என்று விதிக்கும் 'சட்ட வரியோலை' எழுதப்பட்டது. கூடாரக் குத்தகையைக் கண்டித்த பேனா, இங்கேயும் அதே வேலையைச் செய்ததைக் காண்கிறோம்: லாபமும் கடமையும் ஒருவனிடத்தில் மோதிக்கொள்ளும்படி விடக்கூடாது. இந்தக் கொள்கையை ஊரார் எல்லோருக்கும் பிரயோகித்த துரை, தமக்குத் தாமே பிரயோகித்துக்கொள்ளாததுதான் வேடிக்கை. காரியக்காரரிடம் சேர்ந்திருந்த மூன்று அதிகாரங்களைப் பிரித்தவர், தம்மிடம் சேர்ந்த இரண்டைப் பிரிக்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார்.

1813-ல் அம்மை குத்தும் ஏற்பாடு வந்தது. ஜனங்கள் அஞ்சினார்கள். ராணி முதலில் அரண்மனைக் குடும்பத்தார்க்கே குத்தச் செய்து அச்சத்தைப் போக்கினாள். இந்தப் பெருமை துரையுடையது அன்று, அந்தப் பெண்மணியுடையது. அதே வருஷம் ஏப்ரலில்தான் ஸ்வாதித் திருநாள் பிறந்தார். நாட்டில் நெடுங்காலத்துக்குப் பின் தோன்றிய பட்டத்துப் பிள்ளை என்று மக்கள் கொண்டாடினார்கள். இரயிம்மன் தம்பி அவருக்குப் பாடிய தாலாட்டை இன்றைக்கும் மலையாளத்துத் தாய்மார் பாடுகிறார்கள்.

இனி, மன்றோ செய்த காரியங்களுள் மிகப் பெரியதும் மிக நீண்ட வாலை உடையதுமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயில்களின் சொத்துக்கள் ஊராளர்கள் கையில் சீரழிகின்றன என்று காரணங்காட்டி, 1811-12-ஆம் வருஷத்தில் 348 பெரிய தேவஸ்வங்களையும் 1171 சிறிய தேவஸ்வங்களையும் ஸர்க்காரே ஏற்றுக்கொண்டது. நிலங்கள் ஸர்க்கார் நிலத்தோடு கலந்தன. அவற்றின் வருமானம் கஜானாவுக்குப் போயிற்று; பூஜை, உற்சவம், திருப்பணி ஆகியவற்றின் செலவைக் கஜானா கொடுப்பது என்று ஏற்பாடு. காலி கஜானாவை நிரப்பக் கர்ப்பக்கிருகம் வரையில் கை நீண்டது என்று சொல்லுவோர் உண்டு. ஊராளர்களின் சுரண்டலிலிருந்து கோயிலைக் காப்பாற்றினார் என்று சொல்லுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கப்பப் பாக்கி இல்லாதிருந்தால், கோயில் சீர்திருத்தத்தில் துரைக்கு இத்தனை அவஸரம் பிறந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இந்த ஏற்பாட்டின் வால் எவ்வளவு நீளம் என்றால், அது சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. 290-ஏ என்ற பிரிவை எடுத்துப் பாருங்கள். கேரள ராஜ்யக் கஜானாவிலிருந்து திருவாங்கூர் தேவஸ்வ நிதிக்கு வருஷந்தோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், நமது தமிழ் நாட்டுக் கஜானாவிலிருந்து, 1956 நவம்பர் 1-ந் தேதி நம்மோடு சேர்ந்த பகுதியிலுள்ள கோயில்களுக்காக 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் தரிசனத்துக்குப் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு, அங்கே எரியும் விளக்கின் எண்ணெய்க் கணக்கு ஒரு பட்டாளத்துத் துரையின் உத்தரவிலிருந்து தொடங்குகிறது என்று தெரியும்?

நிலத்தின் விஷயத்தில் இவ்வளவு துணிந்தவர், மனிதர் விஷயத்தில் எவ்வளவு துணிந்தார்? 1812-ல் அடிமைகளை விற்கவும் வாங்கவும் கூடாது என்று ராணியின் பேரால் விளம்பரம் வந்தது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு. திருவாங்கூரில் அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்த புலையரும் பறையருமே அல்லவா? அவர்களுக்கு உண்மையான விடுதலை 1855-ஆம் வருஷத்தில்தான் வந்தது.

தோள்சீலை விஷயம் இன்னும் பரிதாபம். நாஞ்சில் நாட்டிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் நாடார் குலத்துப் பெண்கள் மேல் துணி அணியக் கூடாது என்பது அக்காலத்துக் கொடுமை. கிறிஸ்தவத்தில் சேர்ந்த பெண்கள் மேல் துணி அணியலாம் என்று 1813-ல் மன்றோ உத்தரவு பிறப்பித்தார். உடனே அரண்மனையைச் சேர்ந்த பிடாகைக்காரர்கள், இப்படி விட்டால் ஜாதி வித்தியாசமே அழிந்துபோகும் என்று முறையிட்டார்கள். உத்தரவு வாபஸாயிற்று. ஸுரியானிக் கிறிஸ்தவப் பெண்களைப் போல் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மேல் ஜாதிப் பெண்களைப் போல் தோளில் துணி போடக்கூடாது என்று சுருங்கிவிட்டது. ஆயிரத்தைந்நூறு கோயில்களின் நிலத்தை ஒரு கையெழுத்தில் எடுத்துக்கொண்ட திவானால், ஓர் ஏழைப் பெண்ணின் தோளில் இரண்டு முழத் துணியை நிலைநிறுத்த முடியவில்லை! அந்தத் துணிக்காக அடி உதையும் தீ வைப்பும் கலகமும் நடந்து, 1859-ல்தான் எல்லா நாடார்ப் பெண்களுக்கும் மேல் துணி அணிய உரிமை கிடைத்தது. முதலில் எழுதிய உத்தரவு மதம் மாறிய பெண்களுக்கு மாத்திரம் என்பதையும் மறக்கக் கூடாது. மற்றப் பெண்களுக்கு மானம் இல்லை என்று துரை நினைத்தாரா, அல்லது அவர்களைத் தொட்டால் கப்பம் தவறும் என்று நினைத்தாரா?

மன்றோவுக்குத் தம் மதத்தில் பற்று அதிகம்; அதை மறைக்கவும் இல்லை. கோட்டயத்தில் ஸுரியானிக் கிறிஸ்தவர்களின் கலாசாலைக்கு ராணியின் கஜானாவிலிருந்து 20,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார். கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்திலுள்ள தீவுகளும் மிஷன்காரர்களுக்குக் கிடைத்தன. அவற்றுக்கு இன்றுவரை மன்றோத் துருத்து என்றே பெயர். நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கு வயல் வாங்க 5,000 ரூபாய். 1818-ல் மீட் என்ற பாதிரியார் அங்கே நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். கோயிற்படியில் கால் வைக்க விடாத நீதிபதிகளுக்கு நடுவே, ஏழை ஜாதியார் ஒரு வருஷ காலம் அவரிடம் அஞ்சாமல் வழக்குச் சொன்னார்கள் என்பதும் உண்மை. அந்தப் பள்ளியிலிருந்து கிளைத்த கல்வியினால் தென் திருவாங்கூர்த் தமிழர்கள் எவ்வளவோ முன்னேறினார்கள். ஆசிரியத் தொழில் செய்கிற நான் இதை மறுத்தால் நன்றி மறந்தவனாவேன். ஆயினும், தேவஸ்வ நிலத்தைக் கஜானாவில் சேர்த்த கையே, அந்தக் கஜானாவிலிருந்து மிஷனுக்கு எடுத்துக் கொடுத்தது என்பதைக் கண்ட பிரஜைகளின் மனம் எப்படி இருந்திருக்கும்? கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? திவானைப் பற்றி ரெஸிடெண்டிடம். ரெஸிடெண்டைப் பற்றித் திவானிடம்.

1814-ல் மன்றோ திவான் பதவியை விட்டார். தேவன் பத்மநாபன் என்பவர் திவானாகி ஐந்து மாதத்துக்குள் இறந்தார். 1815-ல் ராணி லக்ஷ்மி பாயும், இரண்டு ஆண் குழந்தைகளை விட்டுவிட்டு, இளம் வயதிலேயே மறைந்தாள். அவளுடைய தங்கை கௌரி பார்வதி பாய் குழந்தை அரசருக்காக ஆட்சியை ஏற்றாள். பிரஜைகளுக்குக் கல்வி கொடுக்கும் முழுச் செலவையும் ஸர்க்காரே ஏற்க வேண்டும் என்று 1817-ல் அவள் பிறப்பித்த நீட்டு, இந்தியாவில் அக்காலத்தில் கம்பெனியார் ஆண்ட எந்த ஜில்லாவிலும் காணக் கிடைக்காத ஒன்று. அப்போது மன்றோ ரெஸிடெண்டாகத்தான் இருந்தார். யோசனை துரையுடையதா, ராணியுடையதா, திவான் ரெட்டிராவுடையதா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடட்டும். கையெழுத்திட்டவள் ராணி.

உடம்பு அசௌக்கியத்தினால் 1819-ல் மன்றோ சீமைக்குத் திரும்பினார். அவருடைய தமையனார் ஹியூ, ஹாலந்து நாட்டுச் சண்டையில் கண்ணிழந்தவர். 1817-ல் ஊரிலே ஒரு விஸ்கிச் சாராயத் தொழிற்சாலை வைத்தார். அவரிடமிருந்து குடும்ப நிலத்தை ஜான் மன்றோ வாங்கி, ஜெனரல் என்ற பட்டத்தோடு நெடுங்காலம் வாழ்ந்து, 1858 ஜனவரியில் காலமானார். அந்த வருஷமே பார்லிமெண்டு கம்பெனியாரின் ஆட்சிக்கும் முடிவு கட்டியது.

அவர் நல்ல ஆளா, கெட்ட ஆளா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கைச்சுத்தமுள்ளவர், உழைப்பாளி, தம் இனத்தாரின் திருட்டையே அஞ்சாமல் எழுதியவர். திருவாங்கூருக்குக் கெடுதல் நினைத்தவரும் அல்லர். ஆனால் அவர் ஏற்படுத்திவிட்டுப் போன அந்தப் பெரிய நாற்காலி காலியாக இருக்கவில்லை. ரெஸிடெண்டு விரல் அசைத்தால் திவான் எழுந்து போவான் என்பதை அந்த நாடு கண்டுவிட்டது. 1840-ல் ஜெனரல் கல்லன் என்ற மற்றொரு பட்டாளத்துத் துரை அதிலே வந்து அமர்ந்தார். இருபது வருஷம் அசையவில்லை. மன்றோவின் காலத்தில் தொட்டிலில் கிடந்த ஸ்வாதித் திருநாள், இப்போது அரசராகவும் ஸங்கீத மேதையாகவும் விளங்கியவர், அந்தத் துரையிடம் பட்ட பாட்டை அடுத்த வாரம் எழுதுகிறேன்.